எவ்வளவு மிதிக்கணுங்க அம்மணி?

அடுத்தவர் மூச்சு வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்கிற தொழில் என்னுடையது.

கோயமுத்தூர் வடவள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடி அறை. அதில் ஆறு சைக்கிள். ஆறும் ஓர் அடி நகராது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிஷினில் மாட்டியிருக்கிறேன். மிதித்தால் எத்தனை வாட் சக்தி வருகிறது என்று முன்னால் ஒரு திரை காட்டும். இங்கே நடப்பது இன்டர்வல் பயிற்சி. அதாவது, கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா காலைச் சுற்ற வேண்டும், மறுபடி உயிரைக் கொடுக்க வேண்டும். முப்பது விநாடி, ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் நாலு நிமிஷம். கேட்க எளிதாக இருக்கிறதா? எவ்வளவு உயிரைக் கொடுப்பது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். குறைத்துக் கொடுத்தால் ஃபேன் காற்று வாங்கிவிட்டு வீட்டுக்குப் போன மாதிரி. கூட்டிக் கொடுத்தால் மூன்றாவது ரவுண்டில் கண்ணைக் கட்டிவிடும்.

ஜிம்மில் முதல் நாள் வீறாப்பாக எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, மறுநாள் படியிறங்கச் சுவரைப் பிடித்தவர்கள் உங்களில் இருப்பார்கள். வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி. நான் ஒரு காலத்தில் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டியவள். கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் யாருக்கு எவ்வளவு மிதி என்பதில் நான் சொன்னால் சரியாக இருக்கும். தன்னடக்கம் கீழே பேக்கரியில் கிடைக்கும், இங்கே கிடைக்காது.

கீழ்வீட்டுச் சந்தேகம்

அறை திறந்த புதிதில், மேலே என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் பேக்கரி அண்ணன் டீயோடு ஏறி வந்தார். ஆறு பேர் தலைகுனிந்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் வேர்வை. ஒருவர் "அம்மா" என்றார், இன்னொருவர் "முருகா" என்றார். ஜன்னலுக்கு வெளியே மருதமலை தெரிகிறது, அதனால் முருகன் பெயர் இங்கே அடிக்கடி வரும்.

அண்ணன் டீயை ஜன்னலில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நானும் இன்டர்வல் என்றால் என்ன, வாட் என்றால் என்ன, இதயம் எப்படிப் பலப்படும் என்று விளக்கு விளக்கென்று விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று மரியாதையாகத் தலையாட்டினார். கடைசியில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மற்றவர் காதில் விழாமல் கேட்டார்:

"அதெல்லாம் சரிங்க அம்மணி. இத்தனை பேரு இத்தனை நேரமா மிதிச்சும், ஒருத்தரு கூட வடவள்ளியத் தாண்டலீங்களே?"

இளநி வெட்டுற பொறுப்பு

தனலட்சுமி அக்கா கிணத்துக்கடவிலிருந்து வந்தார். நாற்பத்தாறு வயது. தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் அவர் பார்வையில்தான் நடக்கின்றன. காரை அவரே ஓட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததைப் பார்த்து, பக்கத்தில் எங்கும் இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "உள்ளூர்ல சேந்தா பாதி ஒறம்பரை வந்து எட்டிப் பாக்குமுங்க" என்றார். உறவு என்றால் அப்படித்தான்.

விஷயம் இதுதான். அவர் வீட்டுக்காரர் சிவசாமி ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் ஒருவர். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், விலை உயர்ந்த சைக்கிள்கள், மிதிப்பதைவிடச் சாப்பாடு அதிகம். பொங்கல் நோம்பி கழிந்ததும் ஆழியாறு அடிவாரத்திலிருந்து வால்பாறை மலை ஏறப்போவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, "நானும் வாரேனுங்க" என்றிருக்கிறார். சிவசாமி சிரித்துக்கொண்டே, "வா தனம், வா. கார்ல இளநி ஏத்திக்கிட்டுப் பின்னாலயே வா. வளைவுக்கு வளைவு வெட்டிக் குடுத்தீன்னா புண்ணியமாப் போகும்" என்றாராம்.

"அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சுபோட்டேன் கண்ணு. அதைத்தான் என்னால பொறுக்க முடியலைங்க" என்று சொல்லும்போது அக்கா முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குச் சுருக்கென்றது. வேகமாக ஏறணுமா, அவங்களை முந்தணுமா, என்ன வேணும் சொல்லுங்க என்றேன்.

"முந்தோணும்னு இல்லீங்க. எறங்காம, தள்ளாம, கார்ல ஏறாம மேல போய்ச் சேரோணுமுங்க. அவ்வளவுதானுங்க."

ஒன்றிலிருந்து பத்து வரை

மலைக்குச் சின்னச் சின்ன இன்டர்வல் எதற்கு என்று கேட்பீர்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் ஒரு இன்டர்வல்தான். வளைவில் ரோடு நிமிரும், அங்கே தள்ளி மிதிக்க வேண்டும். வளைவு முடிந்ததும் கால் ஆற வேண்டும். தள்ளுவதில் அளவு தப்பினால் அடுத்த வளைவில் வட்டியோடு கேட்கும்.

அளவைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் ஒரு வழி உண்டு. ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு கஷ்டம் என்று மிதிப்பவரையே கேட்பது. ஒன்று என்றால் சோபாவில் படுத்திருப்பது, பத்து என்றால் ஆளை விடு சாமி. உலகமெங்கும் சரி, நம்ம ஊருக்கு ஆகாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரைப் போய் எப்படி இருக்கீங்க என்று கேட்டாலும் "பரவால்லீங்க" என்று சொல்லி, நம்மைக் காபி குடிக்கச் சொல்கிற ஊர் இது.

தனம் அக்காவை முதல் ரவுண்டு முடிந்ததும் கேட்டேன். "பரவால்லீங்க." சரி, லேசாக இருக்கிறது போல என்று வாட்டைக் கூட்டினேன். "பரவால்லீங்க." இன்னும் கூட்டினேன். உதடு வெளுத்திருந்தது, "பரவால்லீங்க" மட்டும் அப்படியே இருந்தது. நாலாவது ரவுண்டு நடுவில் அக்கா நிதானமாக இறங்கி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரி டிராக் பேன்ட்டை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தொடை இரண்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. நான் தண்ணீரோடு ஓடினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பரவால்லீங்க. உங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

பையனோட நம்பர்

பழனிசாமி அண்ணன் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருப்பவர். அவர் தயாரித்த மோட்டார் இல்லாத கிணறு இந்தப் பக்கம் குறைவு என்பது அவர் கணக்கு. புதிதாக வரும் யாருக்கும் முதலில் நான் ஒரு சோதனை வைப்பேன். ஒரே மூச்சில் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கிற அளவு எத்தனை வாட் என்று பார்த்துக்கொள்வேன். அதுதான் அடிப்படை. நாலு நிமிஷ இன்டர்வலுக்கு அதற்குச் சற்று மேலே, முப்பது விநாடிக்கு அதற்கு எவ்வளவோ மேலே என்று அங்கிருந்துதான் பிரிக்க முடியும்.

அண்ணன் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்குங்க அம்மணி நேர விரயம்? எம்பட பையன் நம்பர் இருக்குதுல்லீங்க, அதையே போட்டுடுங்க. அவனைவிட நான் என்ன கொறச்சலா?" பையனுக்கு இருபத்திரண்டு வயது, முன்பு என்னிடம் வந்து மிதித்தவன். நான் வேண்டாம் என்றேன், அவர் வேணும் என்றார். சரி, மிஷின் பேசட்டும் என்று போட்டேன். அந்த மிஷினுக்கு ஒரு குணம் உண்டு. எண்ணைக் கொடுத்துவிட்டால் விடாது. கால் வேகம் குறைந்தால், அந்த எண்ணை எட்டிப் பிடிக்க இன்னும் இறுக்கும். இறுக்க இறுக்கக் கால் இன்னும் தளரும். இரண்டாவது ரவுண்டில் பெடல் சிமெண்டில் புதைத்த மாதிரி நின்றுவிட்டது. அண்ணன் பெடல்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். ம்ஹூம்.

மிஷினில் கோளாறு என்று சாதித்தார். மறுநாள் காலை ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டருமாக அவரே வந்து, மூடியைக் கழற்றி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு சிரமம் என்பது என் வீட்டில் கேட்டால் தெரியும். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் எழுந்தார்.

"மிஷின் தங்கமாட்டம் இருக்குதுங்க. மோட்டாருதான் பழசு, அதுக்குத் தக்க லோடு குடுங்க."

பால் பொங்குற நேரம்

ஜாபர் பாய்க்குக் கோட்டைமேட்டில் தையல் சாமான் கடை. பட்டன், லேஸ், ஊசி, நூல். மனுஷன் அவ்வளவு மென்மை. கதவைக்கூட "திறக்கட்டுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். மகள் துபாயிலிருந்து நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் அனுப்பியிருந்தாள். அதிலிருந்து அவருக்கு நான் கோச் இல்லை, கடிகாரம்தான் கோச்.

முப்பது விநாடி இன்டர்வல். "நூத்தம்பது வரணும்னு போட்டிருக்குதுங்க, இன்னும் நூத்திப் பத்துலயே நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வெறிகொண்டு மிதிப்பார். முப்பது விநாடி முடிந்து காலை ஆறவிடும்போது கடிகாரம் ஏறு ஏறென்று ஏறி, கீ கீ என்று கத்தும். பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சும்மா இருக்கறப்பவே இப்படி அடிக்குதுங்களே, டாக்டரைப் பாக்கட்டுங்களா?" என்பார். ஒரு வாரம் இதே கூத்து.

பிறகு அவரைக் கீழே கூட்டிப்போய் டீ மாஸ்டர் பக்கத்தில் நிறுத்தினேன். "பாருங்க பாய், தீயைக் கூட்டின உடனே பால் பொங்குதா? அடுப்பை அணைச்ச பிறகும் பொங்கி வருதில்ல? நெஞ்சும் அப்படித்தான். நாலு நிமிஷ மிதிக்குக் கடிகாரத்தை நம்பலாம். முப்பது விநாடிக்கு அது எழுந்து வர்றதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சுபோகும்" என்றேன். பாய் பாலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"அப்ப இது நேத்து நியூஸத்தான் இன்னிக்குப் படிக்குதுங்களா!"

பந்திப் பழக்கம்

மூன்று பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன். கூட்டமாக மிதித்தால் உற்சாகம் வரும் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். இங்கே வேறொன்று வந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை நாம் எழுந்திருக்க மாட்டோம் இல்லையா? அதே பழக்கம் சைக்கிளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. தனம் அக்காவுக்குக் கால் செத்துப்போன பிறகும், ஜாபர் பாய் மிதிக்கிறாரே, நாம் நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று மிதித்தார். பாய்க்கோ சக்தி பாக்கி கிடந்தது. ஏன் தளர்ந்து மிதிக்கிறீர்கள் என்றால், "அக்கா சிரமப்படறாங்க, நான் மட்டும் முன்னால போனா நல்லாவாங்க இருக்கும்?" என்றார். நகராத சைக்கிளில் எங்கேங்க முன்னால் போவது! பழனிசாமி அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து நடுவில் ஒரு வேகம் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது சோறில்லைங்க, சைக்கிள்! அவங்கவங்க காலுக்கு அவங்கவங்க அளவு!" என்று கத்திவிட்டு, மூன்று சைக்கிளையும் மூன்று சுவரைப் பார்த்துத் திருப்பினேன். ஒருவர் தொடங்கும்போது இன்னொருவருக்கு ஓய்வு என்று நேரத்தையும் கலைத்துவிட்டேன். அன்றே மூன்று பேரும் அவரவர் எண்ணைச் சரியாகப் பிடித்தார்கள். சாதித்துவிட்டோம் என்று நான் நிமிர்ந்து நின்றபோது அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நீங்க பண்ணுனது சரிதானுங்க அம்மணி. ஆனாலும் பக்கத்து எலையில ஆளிருக்கறப்ப எந்திரிச்சுப்போன மாதிரி மனசு உறுத்துதுங்க."

மரியாதை மீட்டர்

எண் கேட்டால் உண்மை வராது என்று தெரிந்த பிறகு நான் வேறு வழி கண்டுபிடித்தேன். உலகத்தில் எந்தக் கோச்சும் இதைச் செய்திருக்க மாட்டார், செய்தாலும் கோயமுத்தூரைத் தாண்டினால் வேலைக்கு ஆகாது. மிதித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் போய், "காலையில என்னங்க சாப்டீங்க?" என்று கேட்பேன். "ரெண்டு இட்லிங்க அம்மணி, தேங்கா சட்னிங்க, நீங்க சாப்டீங்களா?" என்று திருப்பி விசாரித்தால் மிதி ரொம்ப லேசு, கூட்டு. "ரெண்டு இட்லிங்க" என்று மட்டும் வந்தால் நாலு நிமிஷ மிதிக்குச் சரியான இடம். வெறும் "இட்லி" என்று வந்தால் ஒரு நிமிஷத்துக்கு அதுதான் அளவு. பதிலே இல்லாமல் ஒரு பார்வை மட்டும் வந்தால் முப்பது விநாடிக்கு மேல் அங்கே வைக்கக் கூடாது.

ஜாபர் பாய்க்கு ஒரு நிமிஷ இன்டர்வல் ஓடிக்கொண்டிருந்தது. மென்மையான மனுஷன், இவர் எங்கே குறையப்போகிறார் என்று நினைத்துக் கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். "பேசாம அந்தப் பக்கம் போ புள்ள!" என்று ஒரு அதட்டல். அறையே நின்றுவிட்டது. நான் திரையைப் பார்த்தேன். பேச்சில் 'ங்க' போயிருந்தது, ஒரு நிமிஷத்துக்கு எண் கச்சிதம். நான் கை தட்ட, பாய் வெலவெலத்துப்போனார். அன்று சாயங்காலமே ஒரு டப்பா அல்வாவோடு வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க அம்மணி, எங்க ஊட்டுல கூட நான் அப்படிப் பேசுனதில்லைங்க. ஆனா நாளைக்கும் அதே அளவே வெச்சிருங்க."

ஒறம்பரை கணக்கு

தனம் அக்காவிடம் மட்டும் என் மீட்டர் செல்லவில்லை. மூச்சு நின்றாலும் அவருக்கு மரியாதை நிற்காது. அதனால் அவரிடம் கேள்வியை மாற்றினேன். எப்படி இருக்கு என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னும் எத்தனை ரவுண்டு முடியும்?" என்று கேட்டேன். இதற்குப் பரவால்லீங்க என்று பதில் சொல்ல முடியாது இல்லையா? ஆனாலும் சொன்னார்.

நோம்பிக்குக் கொஞ்ச நாள் முன்னால், கொழுந்தனார் மகள் கல்யாணம் முடித்துவிட்டு வந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. நான் பேசாமல் அன்றைய வாட்டை நன்றாகக் குறைத்து வைத்தேன். அக்கா திரையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "போன வாரத்தைவிடக் கொறச்சு வெச்சிருக்கீங்களே. நான் மேல போய்ச் சேர மாட்டேன்னு நெனச்சுட்டீங்களா?" என்றார்.

"அப்படி நினைச்சா உங்களை அனுப்பிட்டுக் கதவைச் சாத்திடுவேன் அக்கா. எண் கல்லுல வெட்டி வெச்சதில்லைங்க. இன்னிக்குக் காலு எதுவோ அதுக்குத்தான் இன்னிக்கு அளவு. மூணு நாளு நின்ன காலு இது" என்றேன். நம்பாமல்தான் ஏறினார். மூன்றாவது ரவுண்டில் அந்தக் குறைத்த எண்ணே அவருக்குக் கனத்தது. முடித்துவிட்டு, பெடலில் வைத்த காலைத் தட்டிக்கொடுத்தார்.

"இத்தன ஒறம்பரைக்கும் சோறு போட்டது இந்தக் காலுதானுங்க. அதையும் கணக்குல சேத்துன ஆளு நீங்க ஒருத்தருதான் கண்ணு."

துண்டு போட்ட திரை

மலைக்கு முந்தைய வாரம் தனம் அக்காவின் திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். மலையில் எண் பார்க்க நேரம் இருக்காது, குரங்கு பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். "ஒரு நிமிஷம் மிதி, ஒரு நிமிஷம் ஆறுதல், எட்டு ரவுண்டு. முதல் ரவுண்டு எப்படியோ கடைசி ரவுண்டும் அப்படியே இருக்கணும். முதல்லயே கொட்டிட்டு அப்புறம் சுரண்டினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றேன். எண்ணை நான் மட்டும் என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ரவுண்டு அடக்கம். நாலாவதில் மூக்கு விடைத்தது. ஆறாவதில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி மருதமலையை முறைத்தார். எட்டாவது முடிந்தபோது போனைப் பார்த்தேன். முதல் ரவுண்டும் எட்டாவது ரவுண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இருந்தாலும் எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: இன்னும் எத்தனை ரவுண்டு முடியும்? வாய் திறந்தார். பழைய வார்த்தை உதடுவரை வந்ததைப் பார்த்தேன். விழுங்கிவிட்டார். காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு, யோசித்து, நிதானமாகச் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் கீழே பேக்கரி அண்ணன் டம்ளரைத் தவறவிட்டாராம்.

"ஒண்ணு முடியுமுங்க. ரெண்டு முடியாதுங்க."

வளைவுக்கு வளைவு

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நாங்கள் ஆழியாறு அடிவாரத்தில் இருந்தோம். வழியில் ஆனைமலையில் நிறுத்தி, மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துவிட்டு வந்திருந்தார் அக்கா. அநியாயம் செய்தவர் பெயரைச் சொல்லித்தானே அங்கே மிளகாய் அரைப்பார்கள், யாருக்கு அரைத்தீர்கள் என்று கேட்டேன். "அதை அம்மன் பாத்துக்குவாங்க" என்றார். சைக்கிளில் அவர் ஏறிவிட்டதால் கார் ஓட்ட ஆளில்லை. நான் ஓட்டினேன். பின்சீட்டு நிறைய இளநி, மேலே ஒரு அரிவாள்.

முதல் வளைவிலேயே ஆண்கள் அத்தனை பேரும் சீட்டை விட்டு எழுந்து நின்று பறந்தார்கள். சிவசாமி திரும்பிப் பார்த்து, "முடியலைன்னா கார்ல ஏறிக்க தனம், வெக்கப்படாதே!" என்று கத்திவிட்டுப் போனார். அக்கா கடைசி. நான் ஜன்னலை இறக்கி, "அக்கா, காலையில என்னங்க சாப்டீங்க?" என்றேன். "களி கரைச்சுக் குடிச்சனுங்க. நீங்க சாப்டீங்களா கண்ணு?" என்றார். அவரிடம் மரியாதை எப்போதும் வரும், மூச்சு வாங்காமல் வந்ததுதான் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. நாள் முழுக்க ஏற வேண்டிய மலைக்கு அதுதான் அளவு. வளைவு வந்தால் எண்ணி வைத்தாற்போல் தள்ளினார், வளைவு முடிந்தால் காலை ஆறவிட்டார். பத்தாவது வளைவுக்கு மேல் ஒவ்வொருவராக அகப்பட ஆரம்பித்தார்கள். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இருவர் கீழே தெரிந்த ஆழியாறு அணையைப் போட்டோ எடுக்கிற சாக்கில் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள்.

பாதிக்கு மேலே ஒரு வளைவில் சிவசாமி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் ஆடுதசையையும் பிடித்திருந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது. அக்காவின் கால் தளர்ந்தது. பின்னாலிருந்த எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்து இலைக்காரர் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் கட்டினவர், இவர் எப்படி எழுந்து போவார்? அந்த ஏற்றத்தில் இறங்கினால் மறுபடி ஏறுவது முடியாத காரியம். நிறுத்தாதீங்க என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் சிவசாமி, "பரவால்ல தனம், நான் சித்த நேரத்துல வந்தர்றேன்" என்றார்.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். கால் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. "அந்தப் பரவால்ல எனக்கு நல்லாத் தெரியுமுங்க மாமா. பேசாம கார்ல ஏறிக்குங்க. மேல வந்து எனக்கொரு இளநி வெட்டிக் குடுங்க" என்று ஒரு மூச்சு உடையாமல், ஒரு மரியாதை குறையாமல் சொல்லிக்கொண்டே வளைவில் தள்ளிப் போய்விட்டார். சிவசாமி சைக்கிளைச் சுவரோரம் பூட்டிவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் போகிற அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசி வளைவு நெருங்கும்போது மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். வேர்வை என்று நானும் வைத்துக்கொண்டேன்.

நாற்பதாவது வளைவு தாண்டி அக்கா காலைத் தரையில் வைத்தபோது, சிவசாமி நொண்டிக்கொண்டே இறங்கி, அரிவாளை எடுத்து, முதல் இளநியை அவரே சீவி இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், அழுதுகொண்டே என் தொழில் கேள்வியைக் கேட்டேன்: இன்னும் எத்தனை முடியும் அக்கா? குடித்து முடித்த காயை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, தன் காலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இளநி இன்னொண்ணு முடியுமுங்க. வளைவு ஒண்ணுகூட முடியாதுங்க."

கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதை மிஷினே சொல்லிவிடும், ஆனால் "இதுக்கு மேல முடியாதுங்க" என்ற ஒரு வார்த்தையை எங்கள் ஊர்க்காரர் வாயிலிருந்து வாங்குவதற்குத்தான் என்னைப் போல ஒரு கோச் தேவைப்படுகிறது.